பார்க்க வந்தவள்

ஹீத்ரோவில் இறங்கியதும் என்ன சொல்ல வேண்டும் என்பதை மகள் இரண்டு நாள் முன்பே ஃபோனில் ஒப்பிக்க வைத்துவிட்டாள்.

"பேத்தியப் பாக்க வந்தேன்னு சொல்லும்மா. பாத்துக்க வந்தேன்னு மட்டும் சொல்லிடாத."

பார்வையாளர் விசாவில் வருகிறவர்கள் பிள்ளை வளர்க்கும் வேலை பார்க்கக் கூடாதாம். அதிகாரி இளம் பெண். நான் படித்து வைத்திருந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்து, முத்திரை குத்தி அனுப்பினாள். என் பெட்டியில் இருந்தவற்றை அவள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்: பேறுகால மருந்துப் பொடி, சுக்கு, வசம்பு, கட்டிப் பெருங்காயம், உளுந்தங்களி மாவு, கருப்பட்டி, பழைய நூல் புடவை நான்கு, அவற்றுக்கு நடுவே சுற்றி வைத்த ஒரு பாட்டில் விளக்கெண்ணெய். பார்க்க மட்டும் வருகிறவள் வசம்பு கொண்டுவருவாளா?

அது 2023. எனக்கு 62 வயது. அதுதான் என் முதல் விமானப் பயணம்.

நான் நெல்லிக்குப்பத்துக்காரி. சர்க்கரை ஆலையின் சங்குக்கு எழுந்து, ஆலை வாசனையில் வளர்ந்தவள். கல்யாணமாகி நெய்வேலிக்குப் போனேன். அவருக்கு நிலக்கரிச் சுரங்கப் பட்டறையில் வேலை. குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டே ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினேன். அவர் போன பிறகு நெல்லிக்குப்பத்துக்கே திரும்பிவிட்டேன். அங்கே அம்மா இருந்தாள், 84 வயது. தம்பி வீட்டில் எனக்கொரு அறை. அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்வி இல்லாமல் நான் ஆறு மாதத்துக்கு லண்டன் கிளம்பினேன். கேள்வி ஏன் எழவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அப்போது அது எனக்கே தோன்றவில்லை.

மகள் வீடு பெட்ஃபோர்டில். போன மூன்று மாதத்தில் நான் வெளியே பார்த்தது கடை, பூங்கா, ஒருமுறை ஈஸ்ட்ஹாம் முருகன் கோயில். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சொன்னார்: "அத்தை, பக்கத்துல ஓல்ட் வார்டன்னு ஒரு ஊரு. பழைய விமானம்லாம் வச்சிருக்காங்க. சும்மா வைக்கல, இன்னிக்கும் பறக்க விடுறாங்க." அவருக்குச் சின்ன வயதிலிருந்து விமானப் பைத்தியம். என்னைக் கூட்டிப்போனது தள்ளுவண்டியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

மியூசியம் என்றால் எழும்பூரில் கண்டதுதான் எனக்குத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொருள், அதன் கீழே ஒரு சீட்டு. இது வேறு மாதிரி. புல்தரையே ஓடுதளம். பக்கத்தில் வரிசையாகக் கொட்டகைகள், உள்ளே மரச்சட்டமும் துணியும் கம்பியுமாக விமானங்கள். கொட்டகைத் தரையில் எண்ணெய் சொட்டி அதற்குக் கீழே தட்டு வைத்திருந்தார்கள். சொட்டுகிறது என்றால் உயிரோடு இருக்கிறது என்றார் மாப்பிள்ளை.

வாசலிலேயே மகள் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு நான் பாத்துக்கறேன். நீ சுத்திப் பாரு." கை காலியானதும் எனக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இந்த இடம் ஷட்டில்வொர்த் சேகரிப்பு எனப்படுகிறது. ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளை பழைய கார்களையும் விமானங்களையும் தேடித்தேடி வாங்கிப் பழுது பார்த்து ஓட்டியவர். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்து, 1940 ஆகஸ்ட் 2 அன்று பயிற்சிப் பறப்பில் விபத்தில் இறந்தார். வயது 31. ஒரே பிள்ளை. அவருடைய அம்மா டொரத்தி, 1944இல் பிள்ளையின் நினைவாக ஒரு அறக்கட்டளை வைத்து, வீட்டையும் நிலத்தையும் விமானங்களையும் அதற்கு எழுதிவைத்தார். பிள்ளையைக் கொன்றதும் ஒரு விமானம்தான். மற்ற விமானங்களை அந்த அம்மா காயலான் கடைக்குப் போட்டிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? போடவில்லை. இதை விவசாயக் கல்லூரியாகவும் விமானக் கல்விக்கான இடமாகவும் ஆக்கினார். 1968இல் இறந்தார். எனக்கு அந்த அம்மாவைப் பற்றித்தான் மேலும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்த படங்களிலும் பலகைகளிலும் பிள்ளைக்குத்தான் அதிக இடம்.

முதல் கொட்டகையில் பிளேரியோ நின்றது. 1909இல் செய்தது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ இந்த வகை விமானத்தில்தான் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். வகுப்பில் நான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்த தேதி அது. விமானத்தை நேரில் பார்த்தால் ஒரு கயிற்றுக் கட்டிலுக்குச் சைக்கிள் சக்கரம் பூட்டி இறக்கை வைத்தது போல இருக்கிறது. இதை லண்டனில் ஒரு ரயில் பாலத்துக்கடியில் கிடந்து எடுத்தார்களாம். காற்றே இல்லாத மாலையில் மட்டும் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி, நேராகப் போய் இறங்கும். அன்று காற்று அடித்ததால் அதை வெளியே எடுக்கவில்லை. எனக்கு ஏமாற்றம்தான்.

அங்கே தன்னார்வத் தொண்டு செய்யும் ஒரு பெண்மணி. என் வயதுக்கு மேல் பத்து இருக்கும். நான் புடவையில் நிற்பதைப் பார்த்து அவரே வந்து பேசினார். மெதுவாகப் பேசியதால் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு இருக்கிறது, என்ஜினுக்குத் தனியாக ஒன்று. எத்தனை மணி பறந்தது, எத்தனை முறை இறங்கியது, எந்த ஆணி மாற்றியது, யார் மாற்றியது, எல்லாம் அதில் ஏறும். இத்தனை மணி ஓடினால் என்ஜினைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். ஓடாமல் கிடந்தாலும் பிரிக்க வேண்டும், ஏனென்றால் சும்மா கிடக்கும் என்ஜின் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஓட்டிய ஆளுக்கும் பதிவேடு உண்டு. மணி நேரம்தான் விமானியின் சொத்து என்றார்.

எங்கள் அம்மா பிறந்த தேதியே ஒரு பதிவேட்டிலும் இல்லை. அந்தப் பெரிய வெள்ளம் வந்த வருஷத்துக்கு அடுத்த ஆடி என்பாள்.

அடுத்த கொட்டகையில் ஒரு மாத் விமானம். 1932இல் ரிச்சர்ட் வாங்கிய முதல் விமானம் அது. இந்த மாத் வகையை எனக்கு வேறு விதத்தில் தெரியும். என் வகுப்புச் சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த படங்களில் சரளா தக்ரால் உண்டு. 1936, லாகூர், 21 வயது, புடவை கட்டிக்கொண்டு ஜிப்சி மாத்தில் ஏறித் தனியாகப் பறந்தவர். பிறகு 1000 மணி நேரம் பறந்தார். 1939இல் கணவர் விமான விபத்தில் இறந்தார். போர் வந்து பயிற்சி நின்றது. சரளா ஓவியம் படித்து, துணி வடிவமைப்பு, நகை வடிவமைப்பு என்று வேறு வாழ்க்கை தொடங்கினார். பிள்ளைகளுக்கு இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவர் முதன்முதலில் பறந்தபோது வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருந்தது என்பதையும் பெருமையாகத்தான் சொல்வேன். அன்று மாத்தின் இறக்கைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் முதல் தடவையாக, அந்த 1000 மணி நேரமும் குழந்தை யார் இடுப்பில் இருந்தது என்று தோன்றியது. யாரோ ஒருத்தி வைத்திருந்திருப்பாள். அவளுக்கும் 1000 மணிதானே?

சரளாவைக் குறை சொல்லவில்லை. அவர் பறந்ததால்தான் என் வகுப்பில் அந்தப் படம் இருந்தது. வைத்திருந்தவளுக்குப் படம் இல்லை, அவ்வளவுதான்.

உஷா சுந்தரத்தை நம் ஊரில் இன்னும் குறைவாகத்தான் சொல்கிறோம். 1949இல் பெங்களூர் ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். கணவர் கேப்டன் வி. சுந்தரமும் விமானி. மைசூர் மகாராஜாவின் டகோட்டாவை இருவரும் ஓட்டியிருக்கிறார்கள். 1951இல் அன்றைய சென்னை அரசு ஒரு டவ் விமானம் வாங்கியபோது, இங்கிலாந்திலிருந்து இருவருமாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். பறந்த நேரம் 27 மணிக்கும் குறைவு, அன்றைக்கு அது சாதனை. 1959இல் இருவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் சென்னை ப்ளூ கிராஸ். நாய் பிடிக்கும் வண்டியோடு அந்தப் பெயரை நினைவு வைத்திருக்கிறோம், டவ் விமானத்தோடு வைத்திருக்கவில்லை. நான் ஹீத்ரோவிலிருந்து வந்த பாதைக்கு எதிர்த்திசையில், என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண் 72 வருஷத்துக்கு முன்பு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அதை அந்தத் தொண்டுப் பெண்மணியிடம் சொன்னேன், தட்டுத்தடுமாறி. அவர் பதிலுக்கு ஒன்று சொன்னார். போர்க்காலத்தில் தொழிற்சாலையிலிருந்து படைத்தளத்துக்கு விமானங்களை ஓட்டிச் சேர்க்கும் பணியில் பெண்கள் இருந்தார்கள். முதலில் எட்டுப் பேர், 1940 ஜனவரியில், இங்கிருந்து தெற்கே ஹாட்ஃபீல்டில். ஆண்களைவிட 20 சதவீதம் குறைந்த சம்பளம். விடாமல் கேட்டு, 1943இல் சம ஊதியம் வாங்கினார்கள்.

"எப்படி வாங்கினார்கள்?" என்றேன்.

"மணி நேரத்தைக் காட்டினார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அது வரலாறா, அவருடைய நகைச்சுவையா என்று கேட்க என் ஆங்கிலம் போதவில்லை.

மூன்று மணிக்குப் பறக்கவிட்டார்கள். எல்லோரும் புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்தார்கள். நாங்கள் புளியோதரை பிரித்தோம். முதல் உலகப் போர்க் காலத்து ஆவ்ரோ ஒன்று எதிரே புகை விட்டுக்கொண்டு கிளம்பியது. அதன் என்ஜின் முழுவதுமே விசிறியோடு சேர்ந்து சுற்றுமாம். புகை எங்கள் பக்கம் வந்தபோது நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, வெளக்கெண்ண!"

ஆமாம். அந்தக் கால என்ஜின்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் மசகு. பெட்ரோலோடு கலக்காது என்பதால் அதைத் தேர்ந்தார்கள். எரிந்ததும் எரியாததுமாக விமானியின் முகத்தில் அடிக்கும். அதை நாள் முழுக்க சுவாசித்து விமானிகளுக்கு வயிற்றாலே போகும் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆயா மூக்கைப் பிடித்து எங்களுக்கு ஊற்றியது அதே எண்ணெய். பிரசவித்தவளுக்கும் அதுதான், பச்சைப்பிள்ளை வயிற்றில் தடவவும் அதுதான். நம் ஊர் ஆமணக்கும் அந்தப் போருக்குக் கப்பலேறியிருக்கிறது. யார் பறித்து, யார் காயவைத்து, யார் உடைத்த கொட்டையோ.

அப்புறம் மாத் மேலே போனது. சத்தம் அதிகமில்லை, தையல் மிஷின் ஓடுவது போல. மேகத்துக்குக் கீழே திரும்பும்போது இறக்கைத் துணி வெயிலில் ஊடுருவித் தெரிந்தது. எனக்கு நெய்வேலி ஞாபகம் வந்தது. நெய்வேலியில் விமான ஓடுதளம் இருப்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. நான் புதுப்பெண்ணாகக் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது வாயுதூத் கம்பெனியின் சின்ன விமானம் சென்னையிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தது. சத்தம் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன். கரண்டியோடு நின்று பார்ப்பேன். "அதுல ஆபீசருங்கதான் போவாங்க" என்பார் அவர். ஒருமுறை குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு சத்தம் மட்டும் கேட்டுக்கொள்வேன். பிறகு அந்தச் சேவை நின்றுபோனது. 2017இல் உடான் திட்டத்தில் நெய்வேலி பெயர் வந்தபோது ஊரெல்லாம் அதே பேச்சு. நான் கிளம்பியபோதும் மீனம்பாக்கத்துக்குக் காரில்தான் போக வேண்டியிருந்தது.

அன்று ஓல்ட் வார்டனில் நான் கடைசிவரை நின்றே பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஒன்றும் அடிப்பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நாலு ஐம்பதுக்குக் குழந்தை அழுதது. தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையின் அலுவலக டைரி ஒன்று காலியாகக் கிடந்தது. விளையாட்டாகத்தான் எழுதினேன். 4.50 முதல் 5.35 வரை, குழந்தை. 5.35 முதல் 7.10, சமையல். 7.10 முதல் 7.40, பாத்திரம். 9.00, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டல், 50 நிமிடம். துணி. மகளுக்குப் பத்தியச் சாப்பாடு, மாப்பிள்ளைக்குச் சாதாரணச் சாப்பாடு. குழந்தையைத் தோளில் போட்டபடி டீ குடித்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் குழந்தைக் கணக்கில் எழுதினேன். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை எழுதவில்லை. ஏழு நாள் கூட்டினேன். 83 மணி 20 நிமிடம். உஷா சுந்தரம் மூன்று தடவை இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம்.

டைரியை ஒளிக்கவில்லை. காட்டவும் இல்லை. இரண்டாவது வாரம் மகள் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா இது, பில்லா?"

"இல்லடி. லாக் புக்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். முகம் சுருங்கிவிட்டது. "நீ வரேன்னுதானம்மா சொன்ன. நான் கட்டாயப்படுத்துனனா?" என்றாள். கட்டாயப்படுத்தவில்லைதான். எங்கள் ஊரில் மகளுக்குக் குழந்தை பிறந்தால் அம்மாவைக் கேட்பதே இல்லை. விசா மட்டும்தான் கேட்டது. "நீ எனக்குப் பாத்தத நான் கணக்கு வச்சேனா, நீ ஏன் வைக்கற?" என்றும் கேட்டாள். நியாயமான கேள்வியா, அநியாயமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. சமையல் மட்டும் நேரத்துக்கு நடந்தது, அதையும் எழுதினேன்.

மூன்றாம் நாள் காலை டைரியைத் திறந்தால் என் எழுத்துக்குக் கீழே சிவப்புப் பேனாவில் அவள் எழுத்து. 11.30 பால். 1.15 பால். 1.50 அழுகை, நான். 3.05 பால். "அழுகை, நான்" என்பதை இரண்டு முறை படித்தேன். நான் மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து ராத்திரி ஒரு பால் புட்டியில் எடுத்து வைக்கச் சொல்லி அந்த மூன்று மணியை நான் எடுத்துக்கொண்டேன். காலைச் சமையல் மாப்பிள்ளைக்குப் போனது. அவரும் பச்சைப் பேனாவில் எழுதத் தொடங்கினார். எழுத்து மூன்று நாளில் நின்றுவிட்டது. சமையல் நிற்கவில்லை, உப்பு மட்டும் தினம் ஒரு மாதிரி.

இவ்வளவையும் ஒரு வெற்றிக்கதையாக நெல்லிக்குப்பத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். எடுத்தது தம்பி மனைவி. டைரி, சிவப்புப் பேனா, பச்சைப் பேனா, எல்லாம் கேட்டுச் சிரித்தாள். பிறகு, "இருங்க அண்ணி, அத்தை கூப்புடுறாங்க" என்று ஃபோனை வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. நான் வைக்காமல் காத்திருந்தேன். ஃபோனில் தூரத்தில் பக்கெட் சத்தம், அம்மாவின் முனகல், "கொஞ்சம் தூக்குங்க, அவ்ளோதான்" என்று அவள் குரல். அங்கே அப்போது இரவு பதினொன்றரை.

வந்ததும் கேட்டேன். "ஏம்மா, ராத்திரி எத்தன தடவ எழுந்திருக்க?"

"அதெல்லாம் யாரு அண்ணி எண்ணுனா."

மூன்றரை மாதம் முன்பு கிளம்பும்போது நான் இவளிடம் "பாத்துக்கோ" என்றுகூடச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி எழவே இல்லை என்று மேலே எழுதினேனே, அது இதுதான்.

டிக்கெட்டை முன்கூட்டி மாற்றியதற்கு மகள் மறுபடி இரண்டு நாள் பேசவில்லை. குழந்தைக்கு வாரம் மூன்று நாள் ஒரு காப்பகம் பார்த்தார்கள். விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "பாத்தியா, உன் 83 மணிக்கு எவ்வளவு ஆகுதுன்னு" என்று மகளே கணக்குப் போட்டுக் காட்டினாள், கோபமாகத்தான்.

செப்டம்பரில் நெல்லிக்குப்பம் வந்து சேர்ந்தேன். அன்று ராத்திரி அம்மா அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். "நீ போய்த் தூங்கு, இன்னிக்கு நான்" என்று தம்பி மனைவியிடம் சொன்னேன். பத்தே முக்காலுக்கு ஒருமுறை. பன்னிரண்டரைக்கு ஒருமுறை, துணி மாற்றினேன். இரண்டு மணிக்கு அம்மா முனகியபோது நான் எழுவதற்குள் கதவில் நிழல் தெரிந்தது. கூந்தலை அள்ளி முடிந்தபடி, பாதித் தூக்கத்தில் அவள்தான்.

"நான் இருக்கேன்மா, போய்ப் படு."

"தெரியும் அண்ணி. கண்ணு தானா முழிச்சுக்குச்சு" என்றாள். கொஞ்ச நேரம் நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள், கையை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி.